பற்றீரியா பெருகும் நிலையும் அடங்கும் நிலையும்
நெல், மரக்கறிச் செய்கையாளர் அறிந்துகொள்ள வேண்டியவை

கத்தரிச் செடியொன்று காலையில் செழிப்பாக நின்று, உச்சிப்பொழுதில் தலை சாய்ந்து, மாலையில் மீண்டும் நிமிர்வதைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர். மறுநாளும் அவ்வாறே நிகழும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ சாய்ந்த செடி நிமிர்வதில்லை. இலைகள் பச்சை நிறம் மாறுமுன்னரே செடி மடிந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் வலிகாமப் பகுதியில் இத்தகைய தோட்டமொன்றைப் பார்வையிடும்படி முதிய கமக்காரர் ஒருவர் என்னை அழைத்துச் சென்றார். நான்கு பரப்பு நிலத்தில் கத்தரி நட்டிருந்தார். மனைவியின் நகையை அடகு வைத்து எடுத்த பணம் முழுவதும் அந்த நான்கு பரப்பிலும் முடங்கிக் கிடந்தது. "ஐயா, தண்ணீர் காணாதென்று எண்ணி நாளுக்கு இரு முறை இறைத்தேன். இறைக்க இறைக்க வாடல் கூடுகின்றதேயன்றிக் குறையவில்லை" என்று அவர் கூறினார். வாடிய செடிகளின் வரிசையை நோக்கினேன். அது கிணற்றடியிலிருந்து செல்லும் வாய்க்காலின் ஓட்டத்தைப் பின்பற்றியே சென்றது. முதலிற் செத்த செடிகளைப் பிடுங்கி அவ்வாய்க்காலின் ஓரத்திலேயே அவர் போட்டிருந்தார்.

வாடிய செடியொன்றின் அடித்தண்டில் இரண்டு அங்குல நீளத் துண்டை வெட்டி, தெளிந்த நீர் நிறைந்த கண்ணாடிக் குவளையில் அதன் வெட்டுமுகம் மட்டும் அமிழுமாறு பிடித்தோம். சில நிமிடங்களுக்குள் வெட்டுமுகத்திலிருந்து பால் போன்ற வெண்ணிற இழைகள் நீரினுள் இறங்கின. "இவை என்ன?" என்று அவர் வினவினார். அவைதாம் பற்றீரியாக்கள். செடியின் நீர்க்குழாய்களை அடைத்துக்கொண்டிருந்த கோடானுகோடி உயிர்கள் நீரிற் கரைந்து இறங்கின. வேரருகே நீர் நிறைந்திருந்தும் அந்நீர் இலையை அடைய வழியில்லாமையாற் செடி வாடியது. அவர் இறைத்த நீரோ நோயை அடுத்த செடிக்குச் சுமந்து சென்றது.

வாடத் தொடங்கிய செடியைக் காப்பாற்றும் மருந்து எதுவும் இல்லை என்பதை அன்று அவருக்குச் சொல்ல நேர்ந்தது. சொல்வதற்கு இலகுவான செய்தியன்று அது. ஆயினும், பற்றீரியா எத்தகைய சூழலிற் பெருகும், எத்தகைய சூழலில் அடங்கும் என்பதைக் கமக்காரர் அறிந்திருந்தால், செய்ய வேண்டியவை பல உள என்பதையும் சொன்னேன். அன்று கிணற்றடியிற் கூறியவற்றையே சற்று விரித்து இங்கு எழுதுகின்றேன்.

பற்றீரியா என்பது யாது?

பற்றீரியா ஒரே கலத்தாலான உயிர். அதன் நீளம் பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு முதல் சில பங்குகள் வரையில் இருக்கும். ஆதலின் நுணுக்குக்காட்டியின் துணையின்றி அதனைக் காணவியலாது. நல்ல தோட்ட மண்ணைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் ஒரு சிட்டிகை அள்ளினால், அதில் இந்நாட்டு மக்கள்தொகையிலும் பன்மடங்கான பற்றீரியாக்கள் இருக்கும். அவற்றுட் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்யாதவை. பல, பெரும் நன்மை செய்பவை.

பற்றீரியா இரண்டாகப் பிளந்து பெருகுகின்றது. எல்லா வசதிகளும் அமைந்தால் விரைந்து வளரும் இனங்கள் 20 நிமிடத்துக்கு ஒரு முறை பிளக்கும். அக்கணக்கின்படி ஒரு பற்றீரியா ஒரு மணித்தியாலத்தில் 8 ஆகும். இரண்டு மணித்தியாலத்தில் 64 ஆகும். ஆறு மணித்தியாலத்தில் இரண்டு இலட்சத்து அறுபத்திரண்டாயிரத்தைத் தாண்டிவிடும். வயலிலும் தோட்டத்திலும் இவ்வேகம் நெடுநேரம் நீடிப்பதில்லை. உணவு குறையும், ஈரம் காயும், வெப்பம் மாறும், பிற உயிர்கள் போட்டியிடும். இவையே பற்றீரியாவுக்குக் கடிவாளங்கள். இக்கடிவாளங்களுட் பல கமக்காரரின் கைக்கு எட்டுவன.

வெப்பநிலை

ஒவ்வொரு பற்றீரியா இனத்துக்கும் உகந்த வெப்பநிலை ஒன்று உண்டு. கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றைத் தாக்கும் வாடற் பற்றீரியா, ஏறத்தாழ 28 முதல் 32 பாகை செல்சியசில் மிக நன்றாகப் பெருகும். நமது தாழ்நிலங்களில் ஆண்டின் பெரும்பகுதியும் மண்ணின் வெப்பநிலை இதனை அடுத்தே நிற்கின்றது. மலைநாட்டுக் குளிரில் நோயின் வேகம் தணிவதுண்டு. எனினும் இந்நோயின் ஒரு வகை குளிரையும் தாங்கி உருளைக்கிழங்கைத் தாக்க வல்லது. ஆகவே மலைநாட்டுச் செய்கையாளரும் கவலையீனமாக இருத்தலாகாது.

குளிர் பெரும்பாலும் பற்றீரியாவை உறங்க வைக்கும், கொல்லாது. கடும் வெப்பமோ கொல்லும். பயிர்நோய்களை உண்டாக்கும் பற்றீரியாக்களுட் பல, ஈரமான சூழலில் 55 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் தொடர்ந்து நிற்குமாயின் அழிந்துபோகின்றன. கடும் வெயிற் காலத்தில் நாற்றுமேடையை நன்கு கொத்தி, நீர் தெளித்து ஈரமாக்கி, நிறமற்ற பொலித்தீன் விரிப்பால் ஓரங்களை மண்ணிட்டு மூடி, நான்கு முதல் ஆறு கிழமை வரை விடுவது இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்ட முறையே. மேல்மண் இவ்வாறு வெப்பமேறும்போது நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் பெருமளவு குறையும். ஆழத்திலுள்ள மண் அவ்வளவு சூடேறாது. ஆதலின் இம்முறையை முழுத் தோட்டத்துக்கும் பரிகாரமெனக் கொள்ளாது, நாற்றுமேடைக்குரிய பாதுகாப்பெனக் கொள்ளுக.

நீரும் ஈரலிப்பும்

நீரின்றிப் பற்றீரியா பெருகாது. ஓடும் நீரும் தெறிக்கும் மழைத்துளியும் அதன் வாகனங்களாம். நெற்பயிரைத் தாக்கும் பற்றீரியா இலைக் கருகல் நோய் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இந்நோய் யப்பானின் கியூசுத் தீவில் 1884ஆம் ஆண்டளவில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது. 25 முதல் 34 பாகை வெப்பமும், காற்றில் மிகுந்த ஈரப்பதனும், பலத்த காற்றுடன் கூடிய மழையும் சேருமிடத்து இது விரைந்து பரவும். காற்றில் இலையோடு இலை உரசுவதால் உண்டாகும் சிறு காயங்களும், இலையோரத்தில் இயல்பாக அமைந்த நீர்த்துளைகளும் பற்றீரியாவுக்கு வாயில்களாகின்றன. பெரும்போகத்தில் வடகீழ்ப் பருவப் பெயர்ச்சி மழை காற்றோடு அடித்து ஓய்ந்த பின்னர் வயலைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என நாம் வற்புறுத்துவது இதனாலேயே.

நோயுற்ற இலையின் நுனியிலிருந்து ஓரங்களின் வழியே அலைபோன்ற மஞ்சட் கோடுகள் கீழிறங்கிப் பின்னர் வைக்கோல் நிறமாகும். அதிகாலையில் அவ்விலைகளில் மஞ்சள் நிறமான சிறு துளிகள் கசிந்து நிற்பதைக் காணலாம். வெயில் ஏறியதும் அவை காய்ந்து மணிகளாகி உதிரும். அத்துளி ஒவ்வொன்றும் ஒரு பற்றீரியாப் பொதி. ஆதலின் இலை நனைந்திருக்கும் வேளையில் நோயுற்ற வயலில் இறங்கி நடப்பதையும் களை பிடுங்குவதையும் தவிர்க்க. நாற்று நடுவோர் நாற்றின் தலையைக் கிள்ளி நடும் வழக்கத்தைக் கைவிடுக. கிள்ளிய நுனி ஒவ்வொன்றும் திறந்த வாயிலேயாகும். நோய் கண்ட வயலின் நீரை அடுத்த வயலுக்குப் பாய விடாதிருத்தல் அயலவர்க்குச் செய்யும் நன்மையுமாகும்.

அறுவடையின் பின்னரும் ஈரம் தன் வேலையைச் செய்கின்றது. கோவா, கரட், உருளைக்கிழங்கு ஆகியவற்றை நீர் வடியுமுன் சாக்கில் அடைத்துப் பாரவண்டியில் ஏற்றினால், உள்ளே வெப்பமும் ஈரமும் கூடி மென்னழுகற் பற்றீரியா பெருகும். சந்தையில் சாக்கை அவிழ்க்கும்போது எழும் துர்நாற்றம் அதனாலேயே உண்டாகின்றது. சின்ன வெங்காயத்தை வெயிலில் தாளோடு வாட்டி, பிடிபிடியாகக் கட்டிக் காற்றோட்டமான கொட்டிலில் தொங்கவிடும் யாழ்ப்பாணத்து வழக்கம், பற்றீரியாவைப் பற்றி ஏதும் படியாத நம் முன்னோர் கண்ட நல்வழியாகும். உலர்ந்த தோலும் அசையும் காற்றும் இருக்குமிடத்தில் அழுகல் நுழைவது அரிது.

காற்று

பற்றீரியாக்களுட் சில ஒட்சிசன் இருந்தாலன்றி வாழா. அவை காற்றுவாழ் பற்றீரியாக்கள். சில ஒட்சிசன் இல்லாதவிடத்தே வாழும். அவை காற்றின்றிவாழ் பற்றீரியாக்கள். வேறு சில இரு நிலைக்கும் பழகியவை. இவ்வேறுபாடு நெற்செய்கையாளரின் பணப்பையோடு நேரடியாகத் தொடர்புடையது.

யூரியாவின் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். மண்ணிலுள்ள நுண்ணுயிர்களின் நொதியங்கள் சில நாட்களுள் அதனை அமோனியமாக மாற்றுகின்றன. நீர் கட்டிய வயலின் சேற்றில் மேற்பரப்பிலுள்ள மெல்லிய படை மட்டுமே ஒட்சிசனைப் பெறுகின்றது. அதன் கீழே ஒட்சிசன் இல்லை. ஒட்சிசன் இல்லாத சேற்றில் அமோனியம் அமோனியமாகவே நின்று பயிருக்கு உதவும். ஆனால் வயலை வெடிக்கக் காயவிட்டால் காற்று உட்புகுந்து, காற்றுவாழ் பற்றீரியாக்கள் அமோனியத்தை நைத்திரேற்றாக மாற்றும். பின்னர் மீண்டும் நீர் கட்டினால், ஒட்சிசன் அற்ற மண்ணிலுள்ள வேறு பற்றீரியாக்கள் அந்நைத்திரேற்றிலுள்ள ஒட்சிசனைப் பயன்படுத்தி, நைதரசனை வாயுவாக வெளியேற்றிவிடும். கமக்காரர் விலை கொடுத்து வாங்கிய பசளை, எவர் கண்ணுக்கும் புலப்படாது வானத்துக்குப் போய்விடும்.

எனவே யூரியாவை ஆழமாக நிற்கும் நீரில் வீசாது, நீரை வடித்துச் சேறு ஈரமாக இருக்கும்போது இட்டுப் பின்னர் நீர் கட்டுக. இட்டதை அடுத்த நாட்களில் வயல் வெடிக்கக் காயாதவாறு காத்துக்கொள்க. முழுவதையும் ஒரே தடவையில் இடாது, பயிரின் பருவத்துக்கேற்பப் பகுத்து இடுக.

மண்ணின் புளிப்பு

நமக்குப் பயன்படும் மண்பற்றீரியாக்களுட் பெரும்பாலானவை மிகுந்த புளிப்பையும் மிகுந்த காரத்தையும் விரும்பா. பீ.எச். பெறுமானம் 6 முதல் 7.5 வரையிலான மண்ணில் அவை நன்கு தொழிற்படும். 5.5 இற்குக் கீழே இறங்கும்போது, நைத்திரேற்றை உண்டாக்கும் பற்றீரியாக்களும் அவரையினப் பயிர்களின் வேர்ச் சிறுகணுக்களில் வாழும் பற்றீரியாக்களும் சோர்ந்துபோகும். மலைநாட்டிலும் ஈரவலயத்திலும் உள்ள புளிப்பு மண்ணுக்குத் தொலமைற்று இடுவதன் பயன்களுள் இதுவும் ஒன்று. சுண்ணக்கல்லின் மேல் அமைந்த யாழ்ப்பாணத்துச் செம்மண்ணுக்கு இது பொருந்தாது. அங்கே சுண்ணாம்பை மேலும் இடுவது வீண் செலவாவதோடு சில நுண்போசணைகளைப் பயிர் பெறாதவாறும் தடுக்கும். அயலூரார் இட்டார் என்பதற்காக இடாது, மண்ணைப் பரிசோதித்து அறிந்தே இடுதல் வேண்டும்.

பயறு, கௌப்பி, நிலக்கடலை, சோயா ஆகியவற்றின் வேரைச் சேதமின்றித் தோண்டி, சிறுகணு ஒன்றைப் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பின், அங்குள்ள பற்றீரியாக்கள் காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்துப் பயிருக்கு ஊட்டுகின்றன என அறிக. இவ்வுண்மையை 1880களில் செருமனிய அறிஞர் எல்றீகலும் அவருடன் பணியாற்றியோரும் நிறுவினர். 1888இல் ஒல்லாந்து அறிஞர் பைசரிங்கு அப்பற்றீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். நீர் தேங்கிய நிலத்திலும், கடும் வறட்சியிலும், நைதரசன் பசளை மிகுதியாக இட்ட நிலத்திலும் சிறுகணுக்கள் குறையும். கேளாமலே உணவு கிடைக்கும் வீட்டில் விருந்தாளியை எவரும் அழைப்பதில்லையன்றோ?

உணவு

பற்றீரியாவுக்கு வலுத் தருவது காபன். உடலைக் கட்டுவது நைதரசன். வைக்கோலில் ஒரு பங்கு நைதரசனுக்கு 60இற்கு மேற்பட்ட பங்கு காபன் உண்டு. அதனைச் சேற்றில் மிதித்து உடனே விதைத்தால், வைக்கோலை உண்ணும் பற்றீரியாக்கள் தமக்குப் போதாத நைதரசனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும், இளம்பயிர் மஞ்சளாகும். விதைப்புக்கு இரண்டு மூன்று கிழமை முன்னரே வைக்கோலை மண்ணோடு கலந்துவிட்டால் இவ்விடர் பெரிதும் நீங்கும்.

மறுபுறத்தே, நைதரசனை அளவுக்கு மிஞ்சி இட்டால் நெல்லின் இலை மென்மையாகித் தழைத்து அடர்ந்துவிடும். வயலினுள் ஈரம் உலராது. கருகற் பற்றீரியாவுக்கு இதனினும் ஏற்ற இடமில்லை. கரும்பச்சை வயல் கண்ணுக்கு இனியதாயினும் களஞ்சியத்தை நிரப்பும் என்பதற்கு அது உறுதியாகாது. நைதரசனைச் சிபாரிசு செய்த அளவில் நிறுத்தி, பொற்றாசுப் பசளையைக் குறைக்காது இடுக.

கூட்டுப்பசளைக் குவியல்: எல்லாம் கூடுமிடம்

மேற்கூறியன யாவும் ஒன்றுசேரும் இடம் கூட்டுப்பசளைக் குவியலாகும். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளைகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவெம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அக்காலத்திற் கூட்டுப்பசளையை நாடியோர் பலர், குப்பைக் குவியலுக்கும் பதமான கூட்டுப்பசளைக்குமுள்ள வேறுபாட்டைத் தம் நிலத்திலேயே கண்டனர்.

வைக்கோல், சருகு போன்ற உலர்ந்தவற்றையும், சாணம், கிளிசரிடியாக் குழை போன்ற பச்சையானவற்றையும் கலந்து அடுக்குக. முழுக் கலவையில் ஒரு பங்கு நைதரசனுக்கு 25 முதல் 30 பங்கு காபன் அமைவது நன்று. ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் நீர் கசிய வேண்டும், ஒழுகலாகாது. இந்நிலையில் காற்றுவாழ் பற்றீரியாக்கள் விரைந்து பெருகி, குவியலின் நடுவில் வெப்பத்தை 55 முதல் 65 பாகை வரை உயர்த்தும். நடுவில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி ஐந்து நிமிடத்தின் பின் உருவித் தொட்டால், கையில் வைத்திருக்கவியலாதவாறு சுடும். நோய்க்கிருமிகளையும் களைவிதைகளையும் அழிப்பது இவ்வெப்பமே. புறத்தேயுள்ளவை அகத்தே வருமாறு குவியலைப் புரட்டினாலன்றி வெளிப்புறத்துக் கிருமிகள் தப்பிவிடும். குவியல் துர்நாற்றம் வீசுமாயின் நீர் மிகுந்து காற்று அற்றுப்போனது என அறிந்து, உலர்ந்த வைக்கோல் சேர்த்துப் புரட்டுக. சூடேறாது கிடக்குமாயின் ஈரமோ சாணமோ போதாது என்பது பொருள்.

வாடல் நோயுற்ற கத்தரி, தக்காளிச் செடிகளை மட்டும் இக்குவியலிற் சேர்க்க வேண்டாம். வீட்டுக் குவியல் எங்கும் ஒரே அளவாகச் சூடேறும் என நம்புதற்கில்லை. அவற்றைப் பிடுங்கிக் காயவிட்டு எரித்துவிடுவதே தக்கது.

வாடல் நோய் கண்ட தோட்டத்திற் செய்ய வேண்டியவை

1. நோயுற்ற செடியை வேரோடும் வேரைச் சூழ்ந்த மண்ணோடும் அகற்றுக. வாய்க்காலருகே போடற்க.
2. அப்பாத்திக்கு நீர் செல்லாது மறித்து, நோயற்ற பகுதிக்கு முதலில் இறைக்க. இயலுமாயின் செடிக்குச் செடி தனியே நீர் விடுக.
3. நோயுற்ற பகுதியிற் பயன்படுத்திய மண்வெட்டியைக் கழுவி வெயிலிற் காயவைத்த பின்னரே வேறிடத்துக்குக் கொண்டுசெல்க.
4. செடியடியில் ஆழக் கொத்தாதிருக்க. வேரிற்படும் காயமும் வட்டப்புழு உண்டாக்கும் துளையும் பற்றீரியா நுழையும் வாயில்கள்.
5. அந்நிலத்தில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குக் கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, இஞ்சி ஆகியவற்றைத் தவிர்த்து, வெங்காயம், குரக்கன், சோளம் ஆகியவற்றைச் செய்கை பண்ணுக. நீர் கட்டக்கூடிய நிலமாயின் நெல் மிகவும் நன்று.
6. மீண்டும் கத்தரி நடும்போது நோயெதிர்ப்புள்ள இனத்தையோ, சுண்டங்கத்தரியின் அடிக்கட்டையில் ஒட்டிய கன்றையோ தெரிந்தெடுக்க. உங்கள் பகுதிக்கு உகந்த இனத்தை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக.

முதிய கமக்காரர் அன்று தோட்டத்தின் மேற்புறத்தே நோயெட்டாத ஒரு பரப்பைத் தனி வாய்க்கால் வெட்டிப் பிரித்தார். அப்பரப்பு மட்டும் தப்பியது. நகை அவ்வாண்டு மீளவில்லை. அடுத்த இரண்டு ஆண்டும் அந்நிலத்தில் வெங்காயமும் குரக்கனும் மாறி மாறி இட்டார். மூன்றாம் ஆண்டு ஒட்டுக்கன்றுகளைக் கொண்டு ஒரு பரப்பில் மட்டும் கத்தரி நட்டபோது சில செடிகளே வாடின. அவற்றைக் கண்டதும் அவர் இறைப்பதை நிறுத்தி, கண்ணாடிக் குவளையோடு தோட்டத்தில் இறங்கினார் என்று பின்னர் என்னிடம் கூறினார். நகை அந்தப் போகத்தின் பின்னரே வீடு வந்தது.

பற்றீரியாவை நிலத்திலிருந்து அறவே ஒழித்தல் எவர்க்கும் இயலாது. ஒழித்தால் நிலமும் உயிரற்றுப்போகும். வெப்பம், நீர், காற்று, புளிப்பு, உணவு ஆகிய ஐந்தையும் கவனித்து, நல்லனவற்றுக்கு இடங்கொடுத்துத் தீயனவற்றுக்கு இடமறுத்தல் கமக்காரர் கையிலுள்ளது. தோட்டத்தில் ஒரு செடி வாடக் கண்டால், நீர் இறைக்குமுன் தண்டை வெட்டிக் குவளையிற் பாருங்கள்.